கிணறு இறைக்கக் காசு கேட்டு எழுதுவது எப்படி

நான் திட்டம் எழுதப் படித்தவள் இல்லை. பதினொரு வருடம் கூட்டுறவுச் சங்கக் கடையில் கணக்கெழுதினேன். இப்போது யாழ்ப்பாணத்தில் வலிகாமம் வடக்கில் ஒரு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்குச் செயலாளர். மற்றச் சங்கங்களின் பிள்ளைகள் வந்து, "அக்கா, கிணறு இறைக்க அமெரிக்காக்காரன் என்னெண்டு காசு தந்தவன்?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தேத்தண்ணி ஊற்றி முதலிலிருந்து சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதிவைக்கிறேன்.

எங்கள் கதை முதலில். 1990 இல் போரால் ஊரைவிட்டு எழும்பினோம். மயிலிட்டித் துறைமுகப் பக்கம் 2017 இல் இராணுவத்திடமிருந்து விடுபட்டது, எங்கள் குறிச்சி அதற்கடுத்த வருடம். திரும்பிப் போனபோது வீடுகள் இல்லை, கிணறுகள் இருந்தன. கட்டு உடைந்து, உள்சுவரில் ஆலங்கன்று முளைத்து, தகரமும் கல்லும் நிறைந்து கிடந்தன. ஆட்கள் வந்து கொட்டில் போட்டார்கள், ஆனால் ஊர் ஊராகவில்லை. இருபத்தெட்டு வருடம் முகாமிலும் வாடகை வீட்டிலும் இருந்தவர்கள் ஒருவர் வளவை மற்றவர் எட்டிப்பார்க்கவில்லை. ஒரு மாமிதான் சொன்னா: "கிணத்தடியிலை நிண்டால்தானே பிள்ளை கதை வரும்."

அவ்வளவுதான் எங்கள் திட்டம். பாழ்க்கிணறுகளைச் சேர்ந்து இறைப்பது. இறைத்த அன்று பின்னேரம் அந்தக் கிணற்றடியிலேயே இருந்து அந்தக் கிணற்றைப் பற்றிக் கதைப்பது. யார் அள்ளினார்கள், யாரை அள்ளவிடவில்லை, ஓடுகிற அன்று யார் கடைசியாக அதில் தண்ணீர் குடித்தார்கள், அவர்களில் யார் திரும்பி வரவில்லை.

உளசமூக வேலைக்குக் காசு தருகிற ஒரு நிறுவனத்திடம் போனோம். "இது தண்ணீர்த் திட்டம்" என்றார்கள். தண்ணீர்த் திட்டக்காரரிடம் போனோம். "இதில் கதைதான் கூட, உளவளத்துணைக்காரரிடம் கேளுங்கள்" என்றார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. உங்கள் வேலையும் இப்படி எந்தத் தலைப்புக்குள்ளும் அடங்காமல் நின்றால் நீங்கள் தேடவேண்டியது சிறிய தனியார் அறக்கட்டளைகளை. ஒரு குடும்பமோ ஒரு தனி ஆளோ முதலாக வைத்த காசு. முடிவெடுப்பவர்கள் ஐந்தாறு பேர். வழமைக்கு மாறான ஆற்றுப்படுத்தல், சமூக நீதி என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லுகிற அறக்கட்டளைகள் பெரும்பாலும் இந்த வகைதான்.

யாரிடம் கேட்பது

அவர்களிடம் காசு இருக்கிறதா, அதை எங்களைப் போன்றவர்களுக்குக் கொடுத்திருக்கிறார்களா என்பதை வீட்டில் இருந்தே பார்க்கலாம். அமெரிக்காவில் இப்படியான அறக்கட்டளை ஒவ்வோராண்டும் தன் முதலீட்டுச் சொத்தின் பெறுமதியில் ஏறத்தாழ 5 வீதத்தை அறப்பணிக்குச் செலவிட வேண்டும் என்பது அங்குள்ள வரிச்சட்டம். அதாவது கொடுப்பது அவர்கள் விருப்பம் மட்டுமல்ல, கடமையும்கூட. இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்குக் கேட்கிற கூச்சம் பாதி போய்விட்டது.

990-பி.எஃப். என்றொரு படிவத்தை அவர்கள் வருடாவருடம் வரித் திணைக்களத்துக்குக் கொடுக்கிறார்கள். அது யாரும் பார்க்கக்கூடிய ஆவணம். இணையத்தில் பெயரைப் போட்டுத் தேடினால் வரும். அதில் எந்த அமைப்புக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியல் இருக்கும். நேரே அதற்குப் போங்கள். வெளிநாட்டுக்குக் கொடுத்திருக்கிறார்களா? மிகச் சிறிய தொகை எவ்வளவு? 50,000 டொலருக்குக் குறைந்து கொடுக்காத இடத்தில் ஐயாயிரம் கேட்டு எழுதுவது மொத்தச் சந்தையில் ஒரு தேசிக்காய் கேட்பது மாதிரி. இங்கிலாந்து அறக்கட்டளை என்றால் அங்குள்ள அறக்கொடை ஆணைக்குழுவின் தளத்தில் பலவற்றின் கணக்கறிக்கை கிடக்கும்.

தாங்கள் கேளாமல் வரும் விண்ணப்பத்தை ஏற்பதில்லை என்று எழுதியிருந்தால் அதை நம்புங்கள். முப்பது இடத்துக்கு ஒரே கடிதத்தை அனுப்பிவிட்டுக் காத்திருந்த ஒரு சங்கத்தை எனக்குத் தெரியும். ஒரு பதிலும் வரவில்லை. நாங்கள் மூன்று இடத்துக்குத்தான் எழுதினோம். மூன்றாவது, அவர்களிடம் முன்பு காசு வாங்கிய மட்டக்களப்புக் குழு ஒன்று எங்களைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிட்ட இடம். பட்டியலில் இலங்கைப் பெயர் கண்டால் முதலில் அவர்களுக்குத் தொலைபேசி எடுங்கள். பொறாமைப்படுவார்கள் என்று நினைத்தேன். அப்படியில்லை, யாரிடம் எப்படிக் கதைக்க வேண்டும் என்றுகூடச் சொல்லித் தந்தார்கள்.

காசு வந்து இறங்கும் இடம்

கிராம அபிவிருத்தித் திணைக்களத்தில் எங்கள் சங்கம் பதிவுதான். ஆனால் வெளிநாட்டுக் காசு வாங்க அது போதாது என்று சொல்லிவிட்டார்கள். தொண்டு அமைப்புகளின் பதிவுக்கு 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பிரதேச செயலகத்திலும் கச்சேரியிலும் (மாவட்டச் செயலகம்) கேட்டு, உங்கள் சங்கத்துக்கு எந்தப் பதிவு வேண்டும் என்பதை விண்ணப்பம் எழுதத் தொடங்க முன்னமே தெளிவாக்குங்கள். எங்களுக்கு அந்தப் பொறுமையில்லை. ஏற்கனவே பதிவுள்ள ஒரு அமைப்பின் கணக்குக்கூடாக வாங்கினோம். ஐந்து வீதம் எடுத்தார்கள், அது நியாயம். ஆனால் தெரிந்தவர்கள்தானே என்று வாய்ப்பேச்சில் விடாதீர்கள். காசு வந்து எத்தனை நாளில் உங்களுக்கு மாறும், வட்டி யாருக்கு, பற்றுச்சீட்டின் மூலப்பிரதி யாரிடம் என்று ஒரு பக்கத்தில் எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்து வையுங்கள்.

அமெரிக்க அறக்கட்டளை அந்த நாட்டில் பதிவில்லாத ஒரு வெளிநாட்டுச் சங்கத்துக்குக் கொடுத்தால், செலவுக்குத் தானே பொறுப்பு என்று காட்ட வேண்டும். அதற்காக முன்கூட்டியே விசாரிப்பார்கள், எழுத்தில் ஒப்பந்தம் கேட்பார்கள், காசைத் தனியாக வைக்கச் சொல்வார்கள், வருடாந்த அறிக்கை கேட்பார்கள். எங்கள் தலைவி முதலில், "எங்களைக் கள்ளர் எண்டு நினைக்கினமோ" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு இருந்தா. அது எல்லாருக்கும் உள்ள விதி. ஒப்பந்தத்தில் இன்னொன்றும் இருக்கும்: தேர்தல் வேலைக்கோ, ஒரு சட்டத்தைக் கொண்டுவா, மாற்று என்று அழுத்தம் கொடுக்கவோ அந்தக் காசு போகக்கூடாது. உங்கள் உறுப்பினர் யாரும் பிரதேச சபைத் தேர்தலில் நின்றால், திட்டக் காசில் எண்ணெய் அடித்த ஓட்டோவில் துண்டுப்பிரசுரம் ஏறக்கூடாது. சிரிக்காதீர்கள், நடக்கிறதுதான்.

பிறகு பெயர். எங்கள் ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் யாப்பில், அதாவது சங்கத்தின் விதிப் புத்தகத்தில், ஒருமாதிரியும் வங்கிப் புத்தகத்தில் இன்னொருமாதிரியும் எழுதியிருந்தது. ஒரு எச் எழுத்து கூடவோ குறையவோ, அவ்வளவுதான். அமைப்பு எங்களுக்கு மாற்றிய காசு வங்கியிலிருந்து திரும்பிப் போய்விட்டது. சரிசெய்ய ஐந்து வாரம். உங்கள் யாப்பு, முத்திரை, வங்கிப் புத்தகம், கடிதத் தலைப்பு நான்கையும் இன்றைக்கே மேசையில் பரப்பி எழுத்துக்கூட்டிப் பாருங்கள்.

எழுதுவது

முதல் வரைவை என் மகனுடைய சிநேகிதன், பல்கலைக்கழகத் தம்பி, எழுதித் தந்தான். நல்ல பிள்ளை. இப்படித் தொடங்கினான்: "மோதலால் பாதிக்கப்பட்ட பெண்தலைமைக் குடும்பங்களின் உளசமூக நலனை மேம்படுத்துதலும் சமூக ஒத்திசைவை வலுப்படுத்துதலும்." அதைக் கூட்டத்தில் வாசித்தேன். கிணற்றடி யோசனையைச் சொன்ன அதே மாமி கேட்டா: "இது ஆரைப் பற்றிப் பிள்ளை?"

வேறு எங்கேயோ அதைத்தான் அனுப்பினோம், மறுத்துவிட்டார்கள். இரண்டாம் முறை எழுதியது இது: "எங்கள் குறிச்சியில் பதினாறு கிணறுகள் பாழாய்க் கிடக்கின்றன. ஒன்பதை மழைக்கு முன் இறைப்போம். ஒவ்வொன்றையும் இறைத்த அன்று பின்னேரம், முன்பு அந்தக் கிணற்றில் அள்ளியவர்களும் அள்ளவிடாமல் நிறுத்தப்பட்டவர்களும் அதைச் சுற்றி இருப்போம்." தம்பி இதை ஆங்கிலத்தில் ஆக்கினான், ஆனால் ஒரு சொல்லும் கூட்டக்கூடாது என்று பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டேன்.

தமிழில் எழுதி, கூட்டத்தில் சத்தமாக வாசித்து, பிறகு மொழிபெயர்ப்பது. இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள். வாசிக்கும்போது யாராவது "இது ஆரைப் பற்றி" என்று கேட்டால் அந்த வரியை வெட்டுங்கள். பயனாளி என்ற சொல்லை நான் முழுதாகவே வெட்டிவிட்டேன். வழமைக்கு மாறான வேலையைத் தேடுகிற அறக்கட்டளைக்கு நாங்கள் வழமையான சொற்களை உடுத்திவிட்டால், அவர்கள் எங்களை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

ஆற்றுப்படுத்தல் என்று எழுதுவதிலும் கவனம். எங்களிடம் ஆறுதல் என்ற சொல் இருக்கிறது. புண்ணும் ஆறும், சோறும் ஆறும், மனமும் ஆறும். எல்லாவற்றுக்கும் அதனதன் நேரம் எடுக்கும். ஆனால் அதை வைத்துக்கொண்டு நோய் மாறும் என்று எழுதக்கூடாது. கிணற்றடியில் இருந்து கதைப்பது வைத்தியம் இல்லை. வைத்தியம் தேவையானவரை எங்கே கூட்டிப்போவோம் என்பதை நாங்கள் தனிப் பந்தியில் எழுதினோம்: தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் உளநலப் பிரிவு, அவசரத்துக்கு 1926 என்ற தேசிய உளநலத் தொலைபேசி இலக்கம், கூட்டிப்போகிற ஓட்டோக் கூலிக்குத் தனி வரி. தொலைபேசியில் கதைத்தபோது அந்தப் பந்தியைத்தான் அவர்கள் அதிக நேரம் கேட்டார்கள்.

நீதியைப் பற்றி எழுதுவது இதைவிடக் கடினம். சாதியைச் சொல்லிப் பொது இடங்களில் ஆட்களைத் தடுப்பதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்தது 1957 இல். எங்களுக்குக் கிட்ட உள்ள மாவிட்டபுரத்தில் 1968 இல் ஆலயப் பிரவேசத்துக்காக மறியல் இருந்தவர்களை நேரில் பார்த்தவர்கள் இன்னும் குறிச்சியில் இருக்கிறார்கள். ஆனாலும் கூட்டத்தில் ஒரு அக்கா எழும்பி, "சாதி எண்டு எழுதாதை. வெளிநாட்டுக்காரனுக்கு எங்கடை வீட்டு ஊத்தையைக் காட்டுறதோ?" என்றா. அவவை மடக்கிப் பேச எனக்குத் தெரியவில்லை. அந்த ஒரு வசனத்தை, "அள்ளவிடாமல் நிறுத்தப்பட்டவர்கள்" என்பதை, மூன்று கூட்டத்தில் மூன்று முறை வாசித்தோம். மூன்றாவது முறை கை தூக்கச் சொன்னோம். இரண்டு பேர் தூக்கவில்லை. அதையும் குறிப்புப் புத்தகத்தில் எழுதினோம். இப்படியான வசனத்தைச் செயலாளர் தனியே வீட்டில் இருந்து எழுதி அனுப்பக்கூடாது. பிறகு ஊரில் யார் முகத்தில் முழிப்பது?

கணக்கு

நாங்கள் கேட்டது 6,800 டொலர். மோட்டர் வாடகை, மண்ணெண்ணெய், கயிறு, உள்ளே இறங்கி அள்ளுகிறவர்களின் கூலி, பெண்களின் நாட்கூலி, சமையல், பிள்ளைகளைப் பார்க்கிற ஆச்சிக்குக் கூலி, கணக்குப் பார்க்கிற தம்பிக்கு. பெண்கள் சும்மா வந்து வேலை செய்வார்கள் என்று எழுதாதீர்கள். தோட்ட வேலைக்குப் போனால் கிடைக்கும் கூலியை விட்டுவிட்டு வருகிறார்கள், அதைத் தொண்டு என்று எழுதிக் காசை மிச்சம் காட்டுவது எனக்குப் பிடிக்காத வேலை. தேத்தண்ணிச் செலவையும் ஒளிக்காதீர்கள். எங்கள் வரவுசெலவில் "தேத்தண்ணி, பனங்கட்டி, வடை" என்றே ஒரு வரி இருந்தது.

நான் விட்ட பெரிய பிழை இங்கேதான். முதல் தவணையிலேயே முழுக் காசையும் அனுப்பச் சொல்லிக் கேட்டேன். 2022 ஜனவரியில் வந்தது. டொலருக்கு 200 ரூபா அளவில் மாற்றினோம், பதின்மூன்றரை இலட்சம். மார்ச்சில் ரூபா விழத் தொடங்கியது. அதே டொலர் மே மாதம் வந்திருந்தால் இருபத்துநாலு இலட்சம். சரி, நட்டம் நட்டம்தான் என்று இருந்தால், ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ஆனது. இறைக்கிற மோட்டர் ஓடுவதே அதில்தான். இரண்டு கிணறு மிச்சமாக இருந்தது. இப்போது நான் இரண்டு தவணையாகக் கேட்கச் சொல்கிறேன், இரண்டாவது தவணை வேலை தொடங்கும் மாதத்தில். விலை ஏறினால் எந்த வரியிலிருந்து எந்த வரிக்கு மாற்றலாம் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வாக்கியம் கேட்டு வாங்குங்கள். கேட்டால் தருவார்கள். நான் கேட்கவில்லை.

காலத்தையும் விளக்கி எழுத வேண்டும். அங்கே அறக்கட்டளையின் கூட்டம் நவம்பரில், இங்கே மாரி ஐப்பசியில் தொடங்கிவிடும். கிணறு இறைக்க நீர்மட்டம் இறங்கிய ஆடி, ஆவணிதான் சரி. அதிலும் எங்கள் பக்கம் சுண்ணாம்புக்கல் நிலம், கடல் கிட்ட. நல்ல தண்ணீர் உவர்த் தண்ணீரின் மேல் மிதக்கிறது. அவசரத்துக்கு ஒரேயடியாக இறைத்தால் கீழே உள்ள உவர் ஏறிவிடும், அதனால் ஒரு கிணற்றுக்கு இரண்டு மூன்று நாள் வேண்டும். பாழ்க்கிணற்றுக்குள் மோட்டரை இறக்கி ஓட்டவே கூடாது, புகை ஆளைக் கொல்லும். பழக்கமில்லாதவரையும் உள்ளே இறக்கக்கூடாது. விடுபட்ட காணி என்றால் இன்னுமொன்று. எங்கள் நாலாவது கிணற்றில் சேற்றோடு துருப்பிடித்த இரும்பு ஒன்று வந்தது. வெடிபொருளோ என்று வேலையை நிறுத்தி அறிவித்து, அதற்குரியவர்கள் வந்து எடுத்துப் பார்த்து முடிய பதினொரு நாள். ஆகவே கால அட்டவணையில் வெறும் நாட்கள் வையுங்கள். ஏன் வைத்தீர்கள் என்று அறக்கட்டளைக்காரர் கேட்பார்கள், அப்போது இந்தக் கதையைச் சொல்லலாம்.

அவர்கள் கதைக்க வரும்போது

முதலில் சூமில் கதைப்பார்கள். அலுவலகத்தில் இருந்து ஒருவர் பேசாமல், வேலை செய்யப்போகிறவர்கள் இருக்கட்டும். எங்களிடம் அறக்கட்டளையிலிருந்து கதைத்த அம்மா, "இதனால் என்ன மாற்றம் வரும்?" என்று கேட்டா. நான் ஏதோ தொடங்க, பக்கத்தில் இருந்த மாமி குறுக்கிட்டா: "நித்திரை வரும்." தம்பி மொழிபெயர்த்தான். கொஞ்ச நேரம் ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. பிறகு அந்த அம்மா, இப்போது நித்திரை வருவதில்லையா என்று கேட்டா. அதற்குப் பிறகு அரை மணித்தியாலம் எங்களுக்கு எந்தத் தாளும் தேவைப்படவில்லை.

நேரில் வந்தால் மாலை போடாதீர்கள், ஆரத்தி எடுக்காதீர்கள், பிள்ளைகளை வெயிலில் நிறுத்தாதீர்கள். கூழ் காய்ச்சினால் கொடுங்கள். படம் எடுக்கிற விடயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். வந்தவர்களின் கையெழுத்துப் பட்டியல் எங்கள் சங்க அலுமாரியில் இருக்கிறது, அறக்கட்டளைக்குப் போனது தொகை மட்டும். யார் என்ன சொன்னார் என்பதும் போகவில்லை. இங்கே யார் யாரைச் சந்தித்தார்கள் என்று பிறகு வந்து விசாரிக்கிறவர்கள் உண்டு. அதை அறக்கட்டளைக்காரருக்கு விளக்கிச் சொன்னால் விளங்கிக்கொள்வார்கள்.

அறிக்கை

ஒன்பது கிணறு என்று எழுதினோம், ஏழு முடித்தோம். ஒன்று மண்ணெண்ணெயால் நின்றது. மற்றதை நாங்களே விட்டோம். அந்தக் கிணறு ஏன் வேண்டாம் என்று குறிச்சியில் எல்லாருக்கும் தெரியும். அறிக்கையில், "குடும்பத்தினர் கேட்டுக்கொண்டபடி இறைக்கவில்லை" என்று ஒரு வரி எழுதினோம். அவர்கள் மேலே கேட்கவில்லை. ஏழை ஒன்பதாக்கிக் காட்டுகிற திறமை எனக்கும் உண்டு, பதினொரு வருடம் கணக்கெழுதியவள்தானே. ஆனால் அடுத்த வருடம் அவர்கள் நேரில் வந்து எண்ணினால்?

முதல் கிணறு ஒரு பெரிய வளவுக்குள் இருந்தது. சின்ன வயதில் அந்தக் கிணற்றுக்கட்டில் ஏறவிடாமல், யாராவது ஊற்றும்வரை குடத்தோடு தள்ளி நின்ற ஒரு ஆச்சி இருக்கிறா. ஊறிய புதுத் தண்ணீரை அவவே முதலில் அள்ள வேண்டும் என்று முடிவெடுத்தோம். கட்டில் ஏறினா. வாளியை இறக்கினா. இழுக்கவில்லை. கயிற்றை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றா, நாங்கள் தண்ணீருக்கு என்னவோ நடந்துவிட்டது என்று எட்டிப்பார்த்தோம். "இந்தக் கிணத்துக் கயிறை நான் இண்டைக்குத்தான் தொடுறன்" என்றா. பிறகு இழுத்தா. முக்கால் வாளி கட்டிலேயே சிந்திவிட்டது.

வளவுக்காரக் குடும்பம் திறப்பைத் தந்தது, ஆனால் அன்று வரவில்லை. இதையும் அறிக்கையில் எழுதினோம். மூன்றாவது கிணற்றுக்கு அந்த வீட்டு மருமகள் மட்டும் வந்து, ஒரு ஓரமாக இருந்து, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனா. அதையும் எழுதினோம். "ஊர் ஒன்றுபட்டது" என்று எழுதவில்லை. அறிக்கை கிடைத்து இரண்டு வாரத்தில் அந்த அம்மா தொலைபேசி எடுத்து முதலில் கேட்டது அந்த மருமகளைப் பற்றித்தான். மிச்சக் கிணறுகளுக்கு எவ்வளவு வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான்.

பற்றுச்சீட்டு இல்லாத செலவுக்கு என்ன செய்வது என்று எல்லாரும் கேட்கிறீர்கள். விறகு விற்கிறவரிடம் பில் இருக்காது. ஒரு கொப்பியில் திகதி, தொகை, என்னத்துக்கு என்று எழுதி அவரிடமே கையெழுத்து வாங்குங்கள், எழுதத் தெரியாதவர் என்றால் பெருவிரல். எங்களுக்கு அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. விண்ணப்பம் அனுப்பும்போதே இந்தக் கொப்பி முறையைச் சொல்லிவைத்தது உதவியது.

கடைசியாக, காசு வரும் என்று உறுதியானதும் மோட்டர்காரருக்கு ஆனியிலேயே சொல்லி, முற்பணமும் கொடுத்துவிடுங்கள். ஆடி பிறந்த பிறகு போனால் தோட்டக்காரர் எல்லாரும் அவரைப் பிடித்துவிடுவார்கள்.